தலைவர் லிஃப்டில் காதலித்த வரலாறு

தலைவருக்கு ஒரு காதல்கூட இல்லை என்ற விஷயம், தேர்தல் வாசலுக்கு வந்த பிறகுதான் சம்பவத் துறைக்கு உறைத்தது.

சம்பவத் துறை என்பது செல்லப் பெயர். முழுப் பெயர் 'தலைவர்தம் வாழ்க்கைச் சம்பவங்கள் சேகரிப்பு, செம்மையாக்கம் மற்றும் விநியோகத் துறை'. தொலைபேசியில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிர்முனையில் இருப்பவர் வைத்துவிடுவார் என்பதால் ஊழியர்களே சுருக்கிக்கொண்டார்கள். தலைவர்களுக்கு நாட்டை நடத்தவே நேரம் சரியாக இருக்கிறது, வாழ்க்கையை யார் நடத்துவது, அதற்கு ஒரு துறை வேண்டாமா என்ற நல்லெண்ணத்தில் தொடங்கப்பட்டது அது.

முந்தைய தலைவர்கள் துறைக்கு அதிக வேலை வைத்ததில்லை. முதல் தலைவர் ஒரு பெண்ணிடம் காதலைச் சொல்லப் போய், பழக்கதோஷத்தில் மதியம் தொடங்கிய பேச்சை விளக்கு வைக்கும் நேரம்வரை நீட்டிவிட்டார். பேச்சு நின்றால் போதும் என்றுதான் அந்த அம்மாள் சம்மதித்தார். துறை இதை 'ஒரே உரையில் உள்ளம் வென்றவர்' என்று செம்மையாக்கி ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் வைத்தது. இரண்டாம் தலைவர் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் பெண் கேட்கப் போனவர். அக்காவிடம் கேட்க வேண்டியதைத் தங்கையிடம் கேட்டுவிட்டார். வாக்கு வாக்குதான் என்று தங்கையையே கட்டிக்கொண்டார். அந்தப் பாடத்துக்குத் தலைப்பு 'முகம் பாராமல் அகம் பார்த்தவர்'. மூன்றாம் தலைவருக்கும் அவர் மனைவிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. 'இன்று இரவு எனக்குச் சாப்பாடு வேண்டாம்' என்பதை அவர் அரசிதழில் வெளியிடுவார். மறுநாள் அரசிதழில் அம்மையாரின் விளக்கம் வரும், 'சமைக்கவே இல்லை' என்று. அரசிதழை மக்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்த ஒரே காலம் அதுதான்.

இப்போதைய தலைவர் கட்டைப் பிரம்மச்சாரி. அவர் வாழ்வில் துறையால் தோண்டி எடுக்க முடிந்தது ஒன்றே ஒன்று: கல்லூரியில் ஒரு பெண் இவரிடம் பேனா கடன் வாங்கியிருக்கிறாள். பரவாயில்லை, இதை வைத்து ஒப்பேற்றலாம் என்று துறை மகிழ்ந்தது. அப்புறம்தான் தெரிந்தது, தலைவர் அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் பேனாவைத் திருப்பிக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். எதிர்க்கட்சித் தலைவரோ மூன்று கல்யாணம் செய்தவர். கூட்டத்துக்கு ஒரு மனைவியைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார். நாலாவது கூட்டத்தில் மூவரைப் பற்றியும் சொல்லி அழ வைக்கிறார்.

அதனால்தான் 'சம்பவ ஈகைச் சட்டம்' வந்தது. நல்ல காதல் சம்பவம் உள்ள குடிமக்கள் அதைத் தலைவருக்கு அளிக்கலாம். அளித்த பிறகு அது தலைவருடையது. கொடுத்தவர்கள் அதை வெளியில் சொல்லக் கூடாது, வீட்டில் சொல்லக் கூடாது, நினைத்துச் சிரிக்கவும் கூடாது. அளிக்கலாம் என்ற சொல்லுக்குச் சட்டத்தின் கடைசியில் 'அளிக்க வேண்டும்' என்று பொருள் கொடுத்திருந்தார்கள்.

இந்தக் கதையின் நாயகர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் மழை வந்துவிடும் என்று வீட்டில் கேலி செய்வார்கள், அவ்வளவு அபூர்வம் அவர் பேச்சு. அவர் மனைவி பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவர். பல்வலியோடு வருகிறவர்களை முறை வரும்வரை பேசியே மறக்க வைப்பவர் என்பதால் டாக்டருக்கு அவர்மேல் தனி மரியாதை. மனைவியின் தம்பி ஒருவன் இருந்தான். அவனும் ஒரு வேலையில் இருந்தான். அந்த வேலை சம்பவத் துறையில் இருந்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

"மாமா, உங்க கதையை ஆபீஸ்ல சொன்னேன். டைரக்டரே அழுதுட்டாரு. நாளைக்கு வீட்டுக்கு வர்றாரு" என்றான் மைத்துனன்.

"எந்தக் கதை?"

"உங்களுக்கு எத்தனை கதை மாமா இருக்கு?"

அது நியாயமான கேள்விதான். அவர்களிடம் இருந்தது ஒரே கதை. கல்யாண வீடோ பிறந்தநாளோ, நாலு பேர் கூடினால் மனைவி அதை எடுத்துவிடுவார். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு நகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். இந்தக் கதை ஒழிந்தால் நிம்மதி என்று பல தடவை நினைத்ததுண்டு.

மறுநாள் இயக்குநர் வந்தார். அவரைத் துறையில் எல்லோரும் 'கைக்குட்டை' என்றுதான் சொல்வார்கள். காதல் என்ற சொல்லைக் கேட்டாலே கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கண் ஈரமாகி யாரும் பார்த்ததில்லை, ஆனால் ஒற்றுவதில் குறை வைத்ததில்லை.

"அம்மா, மொதல்லேர்ந்து சொல்லுங்க. நாட்டுக்காகச் சொல்றதா நெனச்சுக்குங்க" என்றார்.

மனைவி நாட்டுக்காக என்றெல்லாம் நினைக்கவில்லை. வழக்கம்போல ரசித்துத்தான் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிது. டாக்டரின் கிளினிக் ஆறாவது மாடியில். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போய்விட்டுத் திரும்பும்போது மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே இவர் மட்டும். யாரோ ஒரு பையன் வந்து நாலாம் மாடிக் கதவை நெம்பி, ஒரு சாண் இடைவெளி உண்டாக்கி, முழங்காலில் உட்கார்ந்து கீழே எட்டிப் பார்த்தான். பக்கத்துச் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தான். பயப்படாதீங்க என்றான். பயமில்லை, பசிக்குதா என்று இவர் கேட்டார். கைப்பையில் இருந்த பிஸ்கெட்டை எடுத்து அந்த இடைவெளி வழியாக நீட்டினார். அவனுக்கு இவர் கை மட்டும் தெரிந்தது, இவருக்கு அவன் மூக்கு மட்டும் தெரிந்தது. சாயங்காலம் லிஃப்ட் ஓடியது.

"மூக்கைப் பார்த்தே முடிவு பண்ணிட்டேன் சார்" என்று மனைவி முடித்தார்.

கைக்குட்டை ஒற்றிக்கொண்டு, மெக்கானிக் பக்கம் திரும்பினார். "என்ன பழுது?"

"ஃப்யூஸ் போயிருந்துச்சு சார்."

"ஒரு ஃப்யூஸ் மாத்த மதியத்துலேர்ந்து சாயங்காலம் வரைக்குமா?"

"பழைய மெஷின் சார்" என்ற மெக்கானிக்குக் கழுத்தில் வியர்த்தது.

உண்மை என்னவென்றால், ஃப்யூஸைக் கையோடு மாற்றியாகிவிட்டது. லிஃப்ட் தயார். ஆனால் உள்ளேயிருந்து வந்த குரல் அப்போதுதான் டாக்டர் ஒரு நோயாளிக்கு வேறு பல்லைப் பிடுங்கிய கதையைத் தொடங்கியிருந்தது. பாதியில் விட்டுப் போக மனசு வரவில்லை. மெக்கானிக் ஸ்பேனரை எடுத்து ஒரு பழுதும் இல்லாத பெட்டியைச் சாயங்காலம்வரை தட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் மனைவியிடம் அவர் மறைத்த ஒரே விஷயம் இதுதான். ஒரு பெண்ணை அவள் அறியாமல் அடைத்து வைத்திருந்தோமே என்று இன்றைக்கும் அவருக்கு உறுத்தல் உண்டு.

கைக்குட்டைக்குப் பழைய மெஷின் என்ற பதில் போதுமானதாக இருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மனைவி தயங்கத்தான் செய்தார். "குடுத்துடலாமாங்க?" என்று கணவரைக் கேட்டார். விட்டது தொல்லை என்ற எண்ணத்தில் மெக்கானிக், "குடு, போகட்டும்" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன நீளமான வாக்கியங்களில் அதுவும் ஒன்று, சொல்லியிருக்க வேண்டாத ஒன்று.

ஒரு வாரம் கழித்து இருவரையும் துறைக்கு அழைத்தார்கள். நீளமான மேசை, அதைச் சுற்றிச் செம்மையாக்கக் குழு. எல்லோர் முன்னாலும் தண்ணீர், யாரும் குடிக்கவில்லை.

கைக்குட்டை எழுந்து உரையாற்றினார். "நாங்க பொய் சொல்றதா எதிர்க்கட்சி சொல்றாங்க. இந்தத் துறை இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல. நடந்த சம்பவத்தைத்தான் சொல்றோம். யாருக்கு நடந்ததுங்கறதுல மட்டும் சின்னத் திருத்தம் பண்றோம். உண்மைங்கறது ஒரு சட்டை மாதிரி. யார் போட்டா அழகா இருக்கோ அவங்களுக்குத்தான் அது. ஒரு சாதாரண ஆளு மேல அழகான சட்டை கிடந்து என்ன பிரயோஜனம்?" இதைச் சொல்லும்போது அவர் மெக்கானிக்கைச் சுட்டிக்காட்டினார், விரோதம் ஒன்றுமில்லை, உதாரணத்துக்காகத்தான்.

பிறகு திருத்தங்கள் வாசிக்கப்பட்டன. ஃப்யூஸ் தானாகப் போகவில்லை, அது அந்நாளைய ஆட்சியின் நிர்வாகச் சீர்கேடு. பிஸ்கெட்டைப் பெண் தலைவருக்குக் கொடுத்தது சரிப்படாது, தலைவர்தான் பெண்ணுக்குக் கொடுத்தார், அதுவே பிற்காலத்தில் பள்ளிகளில் இலவச பிஸ்கெட் திட்டமாக மலரப்போகிறது. தலைவர் படிக்கும் காலத்தில் பகுதி நேரமாக லிஃப்ட் பழுது பார்த்தவர் என்பதும் சேர்க்கப்பட்டது.

மெக்கானிக் மெல்லக் கையைத் தூக்கினார். "அப்ப அன்னைக்கு நான் எங்க சார் இருந்தேன்?"

குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. இது யாருக்கும் தோன்றவில்லை. சற்று நேரம் கூடிப் பேசிவிட்டுக் கைக்குட்டை சொன்னார்: "லீவுல இருந்தீங்க."

"எதுக்கு லீவு?"

"வயித்து வலி."

மெக்கானிக்கின் கம்பெனிக்குத் தகவல் போனது. அவருடைய மேற்பார்வையாளர் நேர்மையான மனிதர். இருபது வருடத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டது ஏன் என்று விளக்கம் கேட்டார். மெக்கானிக் வயிற்று வலி என்றார். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார் மேற்பார்வையாளர். இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது என்றார் மெக்கானிக்.

லிஃப்டில் சந்திக்கவில்லை என்றால் இந்தத் தம்பதி வேறெங்கே சந்தித்தார்கள்? துறை கருணையுள்ளது, யாரையும் அந்தரத்தில் விடாது. கிடங்கில் இருந்த பழைய சம்பவம் ஒன்றை இவர்களுக்கு ஒதுக்கியது. முதல் தலைவருக்காகத் தயாரித்து அவர் வேண்டாமென்று தள்ளியது. மழை, பேருந்து நிறுத்தம், இருவருக்கும் ஒரே குடை. அவ்வளவுதான்.

சோதிக்கத் துறையிலிருந்து ஆட்களும் வந்தார்கள். தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவர் குழாயை விட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் எப்படிச் சந்திச்சீங்க?" என்று கேட்டார். மனைவி குடையைச் சொன்னார். ஆனால் சும்மா சொல்ல அவருக்கு வராது. முதல் தடவை குடையில் ஓர் ஓட்டை இருந்தது. அடுத்து, செய்தித்தாள் விற்பவர் வேஷத்தில் வந்தவரிடம் சொன்னபோது அந்த ஓட்டை வழியாக ஒழுகிய தண்ணீர் மெக்கானிக்கின் சட்டைப் பைக்குள் நேராக இறங்கியது. மூன்றாவது ஆளுக்குச் சொல்லும்போது குடையே வேறு ஒருவருடையது, அவர் பின்னால் துரத்தி வருகிறார். கேட்டவர் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் அறிக்கை கொடுத்தார்.

மறுநாளே கைக்குட்டை வந்துவிட்டார். "அம்மா, அந்தக் குடை பிரமாதமா இருக்கு. அதையும் தலைவருக்கு எடுத்துக்கறோம்."

"சார், அது நீங்க குடுத்ததுதானே?" என்றார் மனைவி.

"நாங்க குடுத்தப்ப ஓட்டை இல்லையேம்மா."

மூன்றாவது சம்பவத்தை, எந்தச் சேதமும் செய்ய முடியாதபடி ஒரே வரியில் கொடுத்தார்கள்: 'உறவினர் வீட்டில் பார்த்துப் பேசி முடித்த கல்யாணம்.' இதில் ஒரு சொல் கூட்டக் கூடாது என்று உத்தரவு.

மனைவி கூட்டவில்லை. அதுதான் பிரச்சினை. அதன்பின் வந்த ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு புதுப்பெண், "அக்கா, உங்க லிஃப்ட் கதையைச் சொல்லுங்களேன்" என்று கேட்டாள். மனைவி, "உறவினர் வீட்ல பார்த்து முடிச்ச கல்யாணம்தாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார். மெக்கானிக் வழக்கம்போலத் தலையைக் குனிந்து நகத்தைப் பார்க்கத் தயாராக இருந்தவர், எதற்குக் குனிந்தோம் என்று தெரியாமல் நிமிர்ந்தார். வீட்டிலும் பேச்சு குறைந்தது. பல் டாக்டர் கதைகள் நின்றன. சோறு போட்டாச்சு, விளக்கை அணைங்க, பால்காரர் வந்தாரா, இவ்வளவுதான். மெக்கானிக்குக் காது வெறிச்சென்று இருந்தது. பிரியத்தை வாயால் சொல்லத் தெரியாதவர் அவர். மனைவி நாலு பேர் நடுவில் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் தன் பங்கையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அவருக்கு இப்போதுதான் புரிந்தது. வெட்கம் பார்த்து வீட்டில் இருந்த ஒரே சொத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று நொந்துகொண்டார். திருப்பிக் கேட்கலாமா என்று மைத்துனனிடம் கேட்டார்.

"குடுத்ததைத் திருப்பிக் கேட்டா அது தேசத் துரோகம் மாமா. தலைவர் மட்டும்தான் திருப்பிக் கேட்கலாம், பேனாவை" என்றான் அவன்.

இதற்கிடையில் தலைவருக்குப் பயிற்சி தேவைப்பட்டது. தன் காதலைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர் மெக்கானிக்கைத் தன் வீட்டுக்கு வரவழைத்தார். பெரிய கூடம், ஒரே ஒரு நாற்காலி. மெக்கானிக் நின்றார்.

"நான் அப்ப என்ன நெனச்சேன்?" என்று கேட்டார் தலைவர்.

"யாருங்க?"

"நான்தான். லிஃப்ட் பக்கத்துல."

"பயமா இருந்துச்சுங்க. உங்களுக்கு."

"ஏன் பயந்தேன்?"

"லிஃப்ட் ஓடிட்டா அவங்க போயிடுவாங்களேன்னு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார். தலைவர் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு வேறு சந்தேகம்.

"மூஞ்சியே தெரியலையே. எதை வெச்சு முடிவு பண்ணினேன்?"

"குரலுங்க."

"குரல் மட்டும் போதுமா? நான் தினம் ஆயிரம் பேர் குரலைக் கேட்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"அவங்கல்லாம் மனு குடுக்க வந்தவங்க. இவங்க பிஸ்கெட் குடுத்தாங்க."

தலைவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். சுற்றிலும் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "கல்யாணத்துக்கு அப்புறமும் அந்த மாதிரி பேசுவாங்களா?"

"பேசிக்கிட்டே இருப்பாங்க. இருந்தாங்க."

"இப்ப?"

"இப்ப இல்லீங்க. நீங்க வெச்சிருக்கீங்க" என்றார் மெக்கானிக். மனிதர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தார். தலைவர் கோபிக்கவில்லை. அந்த ஒற்றை நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார், பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி.

தேர்தலுக்கு முந்தைய கடைசிப் பெரிய நிகழ்ச்சி அந்தப் பழைய கட்டடத்தில் நடந்தது. சம்பவம் நடந்த இடத்திலேயே தலைவர் அதை நாட்டு மக்கள் முன் மீண்டும் நிகழ்த்திக் காட்டுவார் என்று அறிவித்தார்கள். நாலாம் மாடித் தாழ்வாரம் முழுக்கக் கம்பளம், கேமரா, வாத்தியக் கோஷ்டி. சுவரில் இருந்த பெட்டி படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது என்று அதைக் கழற்றி மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். மெக்கானிக் அங்கே மறைந்திருந்து, தலைவர் வர்ணம் பூசிய ஸ்பேனரைத் திருகும்போது மின்சாரம் கொடுக்க வேண்டும். கீழே நடப்பது அவருக்குக் கேட்க ஒரு ஒலிபெருக்கி வைத்தார்கள். லிஃப்டுக்குள் யார் என்பதில் துறைக்குக் குழப்பமே இல்லை.

"அம்மா, நீங்களே உள்ள நில்லுங்க. வசனம் உங்களுக்குத்தான் தெரியும். கை மட்டும்தானே தெரியப் போகுது" என்றார் கைக்குட்டை. கையில் வயசு தெரியாமலிருக்க உறையும் கொடுத்தார்.

மெக்கானிக் தொழிலில் சுத்தமானவர். கதவு திறந்தால் தலைவர் உள்ளே விழுந்துவிடக் கூடாதென்று நாலாம் மாடி வாசலில் குறுக்கே இரும்புக் கம்பி கட்டிவிட்டுத்தான் மேலே போனார். லிஃப்டை மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நிறுத்தினார். வாத்தியம் ஓய்ந்தது. தலைவர் முழங்காலில் உட்கார உதவி தேவைப்பட்டது, இரண்டு பாதுகாவலர்கள் உட்கார வைத்தார்கள்.

"பயப்படாதே பெண்ணே" என்று தலைவர் வாசித்தார். "இந்த லிஃப்ட் நின்றதற்கு யார் காரணம் என்பதை நாடறியும்."

உள்ளேயிருந்து, "எனக்குப் பயமில்ல. பசிக்குதா?" என்று சத்தம் வந்தது. மெக்கானிக் ஒலிபெருக்கியில் காதை வைத்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் குரலில் அந்தச் சொல்லைக் கேட்கிறார்.

"பசி என்பது இந்த நாட்டில் ஒழிக்கப்பட்டுவிட்டது" என்று வாசித்தார் தலைவர். தொடர்ந்து பிஸ்கெட் திட்டத்தை விளக்கினார். சாலைகளுக்குப் போனார். பாலங்களுக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் உருக்கமான பகுதி. அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும் என்று கைக்குட்டை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். தலைவர் கண்ணை மூடினார். "ஒரு மனிதன் நாட்டை நேசிக்கும்போது..."

மெஷின் ரூமில் மெக்கானிக்கால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. தன் பெண்டாட்டியைத் தான் மயக்கிய இடத்தில் இன்னொருவன் பாலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான், அவள் பாவம் இருட்டில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஸ்பேனர் திருகும் கட்டம் வரவில்லைதான். வராவிட்டால் போகட்டும் என்று சுவிட்சைப் போட்டார்.

லிஃப்டுக்குள் பட்டன் பலகையில் அம்புக்குறி விளக்கு எரிந்தது. மனைவி அதைப் பார்த்தார். ஏழாவது மாடி பட்டனை அழுத்தினார். உருக்கமான பகுதிக்கு வாத்தியக் கோஷ்டி வயலினை உரக்க வாசித்துக்கொண்டிருந்ததால் லிஃப்ட் நாலாம் மாடியைத் தாண்டி மேலே போன சத்தம் யாருக்கும் கேட்கவில்லை, கேமராவெல்லாம் தலைவர் முகத்திலேயே இருந்ததால் யாரும் பார்க்கவும் இல்லை.

தலைவர் கண்ணைத் திறந்தார். பாதுகாவலர்கள் கதவை விரித்தார்கள். உள்ளே வெறும் இருட்டு, நடுவில் ஒரு கம்பிக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. கைக்குட்டை வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் குறுக்குக் கம்பியைப் பிடித்தபடி அந்த இருட்டையே பார்த்துக்கொண்டு முழங்காலில் இருந்தார். தாளில் இதற்கு வசனம் இல்லை. ஒலிவாங்கி இருப்பதை மறந்து, தனக்குள் பேசுபவர் போல, "இதுவும் போயிடுச்சா" என்றார்.

நாடு முழுவதும் தொலைக்காட்சி முன்னால் இருந்தவர்கள் அழுதார்கள். கைக்குட்டையும் கைக்குட்டையை எடுத்தார், இந்த முறை அது நனைந்தது. எதிர்க்கட்சித் தலைவரின் மூன்று மனைவியரில் இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகக் கேள்வி. தேர்தலில் தலைவர் அமோகமாக ஜெயித்தார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மையான பேச்சு அது. துறை எழுதித் தராதது என்பதால் அதைப் பாராட்ட விதியில்லை என்று துறை வருந்தியது.

ஏழாம் மாடியில் லிஃப்டை விட்டு இறங்கிய மனைவி இரும்புப் படி ஏறி மெஷின் ரூமுக்கு வந்தார். மூச்சு வாங்கியது. கையுறையைக் கழற்றி ஒரு பல்சக்கரத்தின் மேல் போட்டார்.

"அவர் திருகுறதுக்கு முன்னாடியே போட்டுட்டீங்க" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"அம்பு எரிஞ்சுதே."

மெக்கானிக் தலையாட்டினார். சுவிட்ச் போட்டால் அம்பு எரியும், அது அவருக்குத் தெரியாதா? ஃப்யூஸ் போட்டாலும் எரியும். அன்றைக்கும் எரிந்திருக்கும். அவருக்கு மெல்ல எதுவோ உறைத்தது. இருபது வருடமாக வெளியே நின்று பெட்டியைத் தட்டியதையே நினைத்துக்கொண்டிருந்தாரே தவிர, உள்ளே என்ன தெரிந்திருக்கும் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"அன்னைக்கும் எரிஞ்சுதா?"

"டாக்டர் வேற பல்லைப் புடுங்கின கதையை ஆரம்பிச்சேன் பாருங்க, அப்பவே எரிஞ்சுது."

"நீ பட்டனை அமுக்கவே இல்லையே."

"நீங்கதான் டொக்கு டொக்குன்னு எதையோ தட்டிக்கிட்டு இருந்தீங்க. வேலையைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

மெக்கானிக்குக் காதுவரை சிவந்துவிட்டது. "இத்தனை வருஷமா இதைச் சொல்லவே இல்லையே நீ. எல்லார்கிட்டயும் எல்லாத்தையும் சொல்ற."

"எல்லாத்தையும் சொல்லிட்டா நமக்குன்னு என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு மனைவி சிரித்தார். மெக்கானிக்கும் சிரித்தார். சட்டப்படி அது குற்றம்தான். ஆனால் அவர்கள் சிரித்தது துறையிடம் இல்லாத ஒன்றை நினைத்து என்பதால் வழக்கு நிற்காது.

தேர்தல் முடிந்த பிறகு கைக்குட்டை ஒருமுறை வீட்டுக்கு வந்தார். தலைவரின் கதையில் பெண் போய்விட்டதால் இவர்கள் கதையோடு இனி மோதல் இல்லை என்று துறை முடிவு செய்திருந்தது.

"உங்க சம்பவத்தைத் திருப்பித் தர்றோம். தாராளமா சொல்லிக்கலாம். ஒரே நிபந்தனை, கடைசியில அந்தப் பொண்ணு போயிடணும்."

"போயிட்டா நான் எங்கேர்ந்து சார் சொல்றது?" என்று கேட்டார் மனைவி.

கைக்குட்டை இதைக் குழுவிடம் வைப்பதாகச் சொன்னார். எழுந்திருக்கும்போது, வழக்கமான கடைசிக் கேள்வியைக் கேட்டார். "சம்பவத்துல எதுவும் விட்டுப்போகலையே? நீங்க மறந்தது, சொல்லாதது?"

"ஒண்ணும் இல்ல சார். எங்களது உறவினர் வீட்ல பார்த்துப் பேசி முடிச்ச கல்யாணம்" என்றார் மனைவி, ஒரு சொல்லும் கூட்டாமல்.

கைக்குட்டை திருப்தியாக மெக்கானிக் பக்கம் திரும்பினார். மெக்கானிக் அங்கே இல்லை. கூடத்தின் மூலையில், முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு பழுதும் இல்லாத சுவிட்ச் பெட்டியை ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருந்தார்.